பார்க்லியை விட்ட ஜயன்ட்ஸ், ஹஃபை வாங்கிய ஈகிள்ஸ்: 2024 ஒப்பந்தங்களை இப்போது எடைபோட்டால்

கேள்வி: "கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன் நான். இப்போது அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் அணிகள் ஃப்ரீ ஏஜென்ட்களைக் கோடி கோடியாகக் கொடுத்து எடுக்கின்றன, டிரேடு செய்கின்றன. மறுநாளே நிபுணர்கள் ஒவ்வொரு அணிக்கும் மார்க் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் எது நல்ல ஒப்பந்தம், எது தண்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

மறுநாள் போடும் அந்த மார்க்கை நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை. ஒரு ஒப்பந்தம் பலித்ததா என்று தெரிய குறைந்தது ஒரு சீசனாவது ஓட வேண்டும். அதனால் 2024 மார்ச், ஏப்ரலில் நடந்தவற்றை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டின் ஆகச் சிறந்த ஒப்பந்தம் ஸாக் பான், வெறும் 35 லட்சம் டாலருக்கு. பெரிய பெயர்களில் சிறந்தது சேக்வான் பார்க்லி. மோசமானது கர்க் கசின்ஸ். முதல் இரண்டு பேரையும் எடுத்தது ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அதே அணி, அதே வாரத்தில், அதே பொது மேலாளர் ஹவி ரோஸ்மன் எடுத்த பிரைஸ் ஹஃப் படுதோல்வி. ஆகவே "மேலாளர் கில்லாடி, தொட்டதெல்லாம் துலங்கும்" என்ற கதை செல்லாது. வருகிறவருக்கு ஏற்ற இடம் அந்த அணியில் முன்கூட்டியே தயாராக இருக்கிறதா, தப்பிப் போனால் எவ்வளவு நஷ்டத்தோடு கழற்றிக்கொள்ளலாம், இந்த இரண்டைத்தான் நான் பார்ப்பேன்.

பணக் கணக்கு தெரியாமல் இதைப் பேச முடியாது. ஐ.பி.எல். ஏலத்தை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஏலத்தில் ஆட்டக்காரருக்குத் தேர்வே கிடையாது. அதிக விலை சொன்ன அணிக்குப் போக வேண்டியதுதான். என்.எஃப்.எல்.-இல் ஒப்பந்தக் காலம் முடிந்தவர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேசலாம், குறைந்த பணத்துக்கு வேறோர் ஊரைத் தேர்ந்தெடுக்கவும் செய்யலாம். டிரேடு அப்படியல்ல. தடை விதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய சிலரைத் தவிர, மற்றவர்களை அணி கேட்காமலே மாற்றிவிடும். ஏலத்தில் பர்ஸ் இருப்பதுபோல இங்கே சேலரி கேப். 2023-இல் அணிக்கு 22.48 கோடி டாலராக இருந்தது, 2024-இல் 25.54 கோடியானது. ஒரே ஆண்டில் 3 கோடிக்கு மேல் ஏறியதால்தான் அந்த மார்ச்சில் எல்லார் கையிலும் காசு புரண்டது.

ஆனால் ஏல பர்ஸில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: நாளைய பர்ஸிலிருந்து இன்றைக்கே எடுத்துச் செலவழிக்கலாம். ஒருவருக்குக் கையெழுத்து போனஸாக 5 கோடி டாலர் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். பணம் அவர் கைக்குப் போய்விடும். கேப் கணக்கில் மட்டும் அதை ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 1 கோடியாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். இரண்டு ஆண்டில் ஆள் சரியில்லை என்று அனுப்பிவிட்டால், எழுதாமல் நிற்கும் 3 கோடியும் தலையில் வந்து விழும். ஆள் போய்விட்டார், அவர் பெயரில் செலவு மட்டும் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. இதற்குத்தான் டெட் மணி என்று பெயர். எனவே "நான்கு ஆண்டு, 18 கோடி" என்று தலைப்பில் வரும் எண்ணைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். அதில் எவ்வளவு உத்தரவாதம், எந்த ஆண்டில் அணி கழற்றிக்கொள்ள முடியும் என்று செய்தியின் இரண்டாம் பத்தியைப் படியுங்கள்.

இப்போது பார்க்லி. 2018 ட்ராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாம் இடத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்த ரன்னிங் பேக் (பந்தை எடுத்துக்கொண்டு ஓடுபவர்). (பெயரில் நியூயார்க் இருந்தாலும் அந்த அணி விளையாடுவது நியூ ஜெர்சியில்தான். எடிசன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் பழக்கதோஷத்தில் இந்த அணியின் ரசிகர்களாகி, ஞாயிற்றுக்கிழமை தோறும் அவதிப்படுகிறார்கள்.) 2023 மார்ச்சில் ஜயன்ட்ஸ் ஒரே நாளில் இரண்டு முடிவுகளை எடுத்தது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம்; பார்க்லிக்கு நீண்ட ஒப்பந்தம் தராமல் ஃபிராஞ்சைஸ் டேக். டேக் போட்டால் ஆட்டக்காரர் வெளிச்சந்தைக்குப் போக முடியாது, ஓர் ஆண்டுச் சம்பளத்தோடு கட்டிப்போடப்படுவார். அந்தக் கோடையில் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி போலார்ட் மூன்று ரன்னிங் பேக்குகளுக்கும் டேக். கெடு நாள் வரை ஒருவருக்கும் நீண்ட ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

2024-இல் ஜயன்ட்ஸ் இரண்டாவது முறை டேக் போடவில்லை. பொது மேலாளர் ஜோ ஷேன், வெளியே விலை கேட்டுப் பார்த்துவிட்டு வா என்ற பாணியில் அவரை விட்டுவிட்டார். அந்த நாட்களை ஒரு ஆவணத் தொடருக்காகக் கேமரா பிடித்துக்கொண்டிருந்தது. அதில் உரிமையாளர் ஜான் மாரா ஷேனிடம், சேக்வான் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்வது அப்படியே பதிவாகியிருக்கிறது. பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்கே போனார்: மூன்று ஆண்டு, 3.775 கோடி டாலர், அதில் 2.6 கோடி உத்தரவாதம். ஆண்டுக்குச் சராசரி 1.26 கோடி. அந்த ஆண்டு கேப்பில் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. வழக்கமான சீசனில் பந்தோடு ஓடிக் கடந்தது 2,005 யார்டு. எரிக் டிக்கர்சன் 1984-இல் வைத்த 2,105 என்ற சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பிளே-ஆஃப் இடம் உறுதியாகிவிட்டதால் கடைசி ஆட்டத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். பிளே-ஆஃப்களையும் சேர்த்தால் 2,504 யார்டு. இதில் டெரல் டேவிஸின் 1998 சாதனை உடைந்தது. 2025 பிப்ரவரி 9, அவருடைய 28-ஆவது பிறந்தநாள் அன்று, நியூ ஆர்லியன்ஸில் கேன்சாஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தி, இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் வெற்றி.

எனக்கு மனத்தில் நிற்பது 2025 ஜனவரி 19 ஆட்டம்தான். ராம்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப், ஃபிலடெல்ஃபியாவில் பனி கொட்டுகிறது. நான்காம் கால்பகுதியில் தரையின் வெள்ளைக் கோடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் வழுக்கிவிடுமோ என்று காலை அளந்து வைத்துக்கொண்டிருக்கும்போது, பார்க்லி லைனைத் தாண்டிப் பனிக்குள் புகுந்து 78 யார்டு ஓடி டச்டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி). அந்த ஆட்டத்தில் மட்டும் 205 யார்டு, 62 யார்டு டச்டவுன் இன்னொன்று. ஈகிள்ஸ் வென்றது 28-22, ஆறே புள்ளி வித்தியாசம். அந்த இரண்டு ஓட்டங்கள் இல்லாவிட்டால் சூப்பர் பவுலே இல்லை.

சரி, இதை வைத்து ஜயன்ட்ஸ் முட்டாள் என்று எல்லாரும் தீர்ப்பு எழுதினார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். 2023-இல் ஜயன்ட்ஸுக்காக ஓடிய அதே பார்க்லி எடுத்தது 962 யார்டு, ஓட்டத்துக்கு 3.9. ஈகிள்ஸில் 345 ஓட்டம், சராசரி 5.8. ஆள் ஒரே ஆள். மாறியது அவருக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர், அதாவது லைன். 2023-இல் ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக்குகள் 85 முறை சாக் ஆனார்கள், அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார்கள். அப்படிப்பட்ட லைன் அது. ஈகிள்ஸில் வலது ஓரத்தில் லேன் ஜான்சன், இடது ஓரத்தில் ஜோர்டன் மைலாட்டா. மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். இந்த ஆட்டத்தை ஒரு நாள்கூட ஆடியிராத அவரை 2018-இல் ஏழாம் சுற்றில் எடுத்து, லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் செதுக்கினார். இவர்கள் திறந்துவிடும் வழியில் பார்க்லியை முதல் எதிராளி தொடுவதற்குள்ளேயே பல யார்டு கடந்துவிடும். போதாததற்கு குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸே பந்தை எடுத்துக்கொண்டு ஓடக்கூடியவர் என்பதால் எதிரணி ஒரு கண்ணை அவர் மேல் வைத்தாக வேண்டும்.

ஆக 2024-இல் பார்க்லி ஜயன்ட்ஸிலேயே இருந்திருந்தால் 2,000 யார்டு ஓடியிருப்பார் என்பது கனவு. மூன்று வெற்றி, பதினான்கு தோல்வி என்று முடித்த அந்த அணி, அவரோடு ஐந்தாறு வெற்றி கண்டிருக்கும், அவ்வளவே. ஜயன்ட்ஸ் உண்மையில் தப்பு செய்தது ஓராண்டு முன்பு. ஜோன்ஸுக்கு 16 கோடி எழுதிய பேனாதான் தப்பு செய்தது. அவரை 2024 நவம்பரில், சீசன் முடியும் முன்பே, அணி விடுவித்துவிட்டது. இன்னொரு தப்பும் உண்டு. பார்க்லியை வைத்துக்கொள்ள மனமில்லை என்றால் 2023 அக்டோபரில் டிரேடு கெடு முடிவதற்குள் யாருக்காவது கொடுத்து ஒரு ட்ராஃப்ட் பிக்காவது (ஆள் எடுக்கும் வாய்ப்பு) வாங்கியிருக்கலாம். வைத்துக்கொள்ளவும் இல்லை, விற்கவும் இல்லை. 2024-இல் பார்க்லி போன அதே வாரத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் ஸேவியர் மெக்கின்னியும் ஜயன்ட்ஸை விட்டு கிரீன் பே போனார், நான்கு ஆண்டுக்கு 6.7 கோடி. முதல் சீசனிலேயே எட்டு இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது). பார்க்லி பேச்சில் இவர் மறைந்தே போய்விட்டார். ஜயன்ட்ஸுக்கு இதுவும் சின்ன இழப்பல்ல.

"ரன்னிங் பேக்குக்குப் பணம் கொடுக்கக்கூடாது" என்று பத்து ஆண்டாக ஓதிவந்த புள்ளிவிவரக்காரர்கள் இதோடு தோற்றுவிட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை. அவர்கள் பேச்சை ஊரே கேட்டதால்தான் விலை விழுந்தது, விழுந்த விலையில் வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள். 30 வயது டெரிக் ஹென்றியை பால்டிமோர் ரேவன்ஸ் இரண்டு ஆண்டுக்கு 1.6 கோடியில் எடுத்தது. அவர் 1,921 யார்டு, 16 டச்டவுன் எடுத்தார். ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் பக்கத்தில் நிற்க, எதிரணி யாரைப் பிடிப்பது என்று திணறியது. கிரீன் பே எடுத்த ஜேக்கப்ஸும் 1,329 யார்டு. மூவருமே ஏற்கெனவே நல்ல அணிகளுக்குப் போனவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஓட்டை லைன் வைத்திருக்கும் அணி இதைப் பார்த்துவிட்டு ரன்னிங் பேக்குக்குக் கோடிகளைக் கொட்டினால் ஜயன்ட்ஸ் அனுபவித்ததைத்தான் அனுபவிக்கும்.

அடுத்து, ஹஃபும் பானும். நியூயார்க் ஜெட்ஸில் 2023-இல் 10 சாக் எடுத்தவர் ஹஃப். ஈகிள்ஸ் மூன்று ஆண்டுக்கு 5.11 கோடி கொடுத்தது. ஜெட்ஸ் அவரைப் பாதிக்கும் குறைவான நேரத்துக்குத்தான் களமிறக்கும்: எதிரணி பந்தை வீசியே ஆக வேண்டிய கட்டங்களில் மட்டும், வேறெதையும் பார்க்காமல் குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓடுவது அவர் வேலை. ஈகிள்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ ஓரத்தில் நிற்பவரிடம் ஓட்டத்தையும் தடு, சில நேரம் பின்வாங்கிக் காவலும் இரு என்று எல்லாவற்றையும் கேட்பவர். ஹஃபுக்கு அது வரவில்லை. இடையில் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. சீசன் முழுவதும் சேர்த்து 2.5 சாக். சூப்பர் பவுல் அன்று காயம் ஏதுமில்லாமலே களமிறங்குவோர் பட்டியலில் பெயர் இல்லை. அடுத்த கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதே ஃபாஞ்சியோவின் கையில்தான் பான் பூத்தார். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 2020-இல் மூன்றாம் சுற்றில் எடுத்து, நான்கு ஆண்டு பெரும்பாலும் ஸ்பெஷல் டீமிலும் (பந்தை உதைக்கும் கட்டங்களில் மட்டும் இறங்கும் குழு) ஓரத்திலும் வைத்திருந்த ஆள். ஈகிள்ஸ் அவரை ஓராண்டு ஒப்பந்தத்தில், சும்மா கிடைத்த விலைக்கு எடுத்தபோது செய்தியில் அரை வரி. ஃபாஞ்சியோ அவரை ஓரத்திலிருந்து நகர்த்தி, தற்காப்பின் நடுவில் உள் லைன்பேக்கராக நிறுத்திப் பார்த்தார். சீசன் முடிவில், லீகின் சிறந்தவர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம். சூப்பர் பவுலின் இரண்டாம் கால்பகுதியில் கேன்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வீசிய பந்தை விழுந்து பிடித்தாரே, அதிலிருந்துதான் ஏ.ஜே. பிரவுனின் டச்டவுன் வந்து ஸ்கோர் 24-0 ஆனது. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. 2025 மார்ச்சில் அதே ஈகிள்ஸ் அவருக்கு மூன்று ஆண்டுக்கு 5.1 கோடி எழுதிக் கொடுத்தது. ஏறக்குறைய ஹஃபுக்கு முந்தைய ஆண்டு கொடுத்த அதே தொகை! லைனில் வலது கார்டாக வந்த மெக்கை பெக்டனும் இப்படித்தான். ஜெட்ஸ் முதல் சுற்றில் எடுத்துக் கைவிட்டவர். ஸ்டவுட்லண்ட் கையில் சூப்பர் பவுல் லைனில் நின்றார். ஹஃபால் வந்த நஷ்டத்தை இந்த இரண்டு மலிவு ஒப்பந்தங்கள் விழுங்கிவிட்டன. ரோஸ்மனின் சாமர்த்தியம் என்று நான் சொல்வது இதைத்தான்: பத்து இடத்தில் சின்னச் சின்னதாகப் பணம் வைப்பார், இரண்டு பலித்தால் போதும்.

ஹஃப் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹஃப் வந்ததும் ஈகிள்ஸ் தன்னிடம் இருந்த ஹசான் ரெட்டிக்கை அதே ஜெட்ஸுக்கு டிரேடு செய்தது. கிட்டத்தட்ட எட்ஜ் ரஷர்களை (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்கள்) மாற்றிக்கொண்டதுபோல. ரெட்டிக் புதுச் சம்பளம் கேட்டு அக்டோபர் வரை களத்துக்கே வரவில்லை; வந்த பிறகு எடுத்தது ஒரே ஒரு சாக். இரண்டு அணிக்கும் நஷ்டம். அதே மார்ச்சில் இன்னொரு ஜோடியும் இடம் மாறியது: மினசோட்டா வைக்கிங்ஸின் டேனியல் ஹன்டர் தன் சொந்த ஊர்ப் பக்கமான ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்கு, ஹூஸ்டனின் ஜோனதன் கிரீனார்ட் மினசோட்டாவுக்கு. இருவரும் ஆளுக்கு 12 சாக். இரண்டு அணியும் பிளே-ஆஃப் போனது. ஹன்டருக்கு மறு ஓரத்தில் வில் ஆண்டர்சன் இருந்தார், ஒருவரை இரண்டு பேர் சேர்ந்து தடுத்தால் மற்றவர் புகுந்துவிடுவார். கிரீனார்டுக்கு எந்தப் பக்கமிருந்து யார் வருவார் என்றே தெரியாதபடி ஆடவைக்கும் தற்காப்புப் பயிற்சியாளர் பிரையன் ஃபுளோரஸ். வந்தவர்களை முன்பு செய்த வேலையையே செய்யச் சொன்னார்கள். ஹஃபை இதுவரை செய்யாததைச் செய்யச் சொன்னார்கள். முடிந்தது கதை.

இனி கசின்ஸ். இதில் எனக்குக் கோபமே உண்டு. அட்லாண்டா ஃபால்கன்ஸ் அவருக்கு நான்கு ஆண்டுக்கு 18 கோடி டாலர், 10 கோடி உத்தரவாதம் தந்தது. 2023 அக்டோபரில்தான் அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்திருந்தது. சீசன் தொடங்கும்போது வயது 36. அதுவரைகூடப் பரவாயில்லை. அட்லாண்டாவில் நல்ல லைன், வீசும் பந்தைப் பிடிக்க நல்ல ரிசீவர்கள், ஓடுவதற்கு பிஜான் ராபின்சன் என எல்லாம் இருந்தும் குவார்ட்டர்பேக் மட்டும் இல்லை. தயாராக இருந்த இடத்துக்குத்தான் ஆள் எடுத்தார்கள் என்று வாதாடலாம். ஆனால் ஆறு வாரம் கழித்து ட்ராஃப்டில் எட்டாவது இடத்தில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். 10 கோடி உத்தரவாதம் கொடுத்த ஆளை நம்புகிறாயா இல்லையா? நம்பினால் அந்த எட்டாவது பிக்கில் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் ஒருவரை எடுத்திருக்கலாம். அட்லாண்டாவுக்கு அதுதான் ஆண்டுக்கணக்கான பஞ்சம். நம்பவில்லை என்றால் 10 கோடி எதற்கு?

அக்டோபர் தொடக்கத்தில் டாம்பா பேவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 509 யார்டு வீசியபோது எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். நவம்பரில் காற்று இறங்கிவிட்டது. தொடர்ந்து நான்கு தோல்வி, அவற்றில் ஒரு டச்டவுன்கூட இல்லை, எட்டு இன்டர்செப்ஷன். டிசம்பரில் பெஞ்சுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 18 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன். அணி 8 வெற்றி, 9 தோல்வி (8-9), பிளே-ஆஃப் இல்லை. போதாக்குறைக்கு, அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே ஆட்டக்காரர்களோடு தொடர்புகொண்டார்கள் என்று லீக் ஐந்தாம் சுற்று பிக்கைப் பறித்து 2.5 லட்சம் டாலர் அபராதமும் போட்டது.

குவார்ட்டர்பேக் தப்பிப்போனால் அணி அழிந்துவிடும் என்பது பொதுவான பயம். டென்வரைப் பாருங்கள். 2022-இல் ரஸல் வில்சனுக்காக சியாட்டிலுக்கு இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளோடு மூன்று ஆட்டக்காரர்களையும் கொடுத்து, ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன் புது ஒப்பந்தமும் போட்டது. இரண்டே சீசன். 2024 மார்ச்சில் விடுவித்தபோது டெட் மணி 8.5 கோடி, அதுவரை யாரும் காணாத தொகை, அதில் 5.3 கோடி அந்த ஆண்டுக் கணக்கிலேயே. பிட்ஸ்பர்க் அவரைக் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. டென்வர் ஒழிந்தது என்றார்கள். பன்னிரண்டாவது பிக்கில் எடுத்த போ நிக்ஸ் என்ற புது ஆளோடு 10-7 என்று முடித்து, 2015 சீசனுக்குப் பிறகு முதல் முறையாகப் பிளே-ஆஃப் போனது. தப்பு என்று தெரிந்த அன்றே வெட்டிவிடும் துணிச்சலுக்கு நான் மார்க் போடுவேன். அட்லாண்டாவோ கசின்ஸை 2025 சீசன் தொடக்கத்திலும் பெஞ்சில் வைத்தே சம்பளம் கொடுத்தது, பெனிக்ஸ் காயப்பட்ட பிறகுதான் களமிறக்கியது.

டிரேடுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பஃபலோ பில்ஸ் தன் முதன்மை ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை 2024 ஏப்ரலில் ஹூஸ்டனுக்கு அனுப்பியது. கிடைத்தது 2025-இன் ஓர் இரண்டாம் சுற்று பிக், இரண்டு சின்ன பிக்குகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது, கேப்பில் 3.1 கோடி டெட் மணி வேறு. ஹூஸ்டனுக்கு அள்ளி அள்ளி மார்க் போட்டார்கள், பஃபலோவுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். டிக்ஸ் எட்டே ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறினார். காயத்தை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது, அதை ஹூஸ்டன் மேல் எழுத மாட்டேன். பஃபலோ பக்கம்தான் சுவாரஸ்யம். 1,000 யார்டு தொட்ட ரிசீவர் ஒருவர்கூட இல்லாமல் (கலீல் ஷகீர் 821 தான் அதிகம்) பந்தை ஆளுக்கு ஆள் பகிர்ந்து 13 வெற்றி. குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்கு சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்.வி.பி. பெரிய ரிசீவர் இருந்தால் பந்து அவரைத் தேடியே போகும் பழக்கம் வந்துவிடும். அது போனதே அணிக்கு நல்லதாயிற்று. இதே டிக்ஸை 2020-இல் மினசோட்டாவிடமிருந்து பஃபலோ முதல் சுற்று பிக் கொடுத்து வாங்கியது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆலன் பெரிய ஆளானது டிக்ஸ் வந்த பிறகு. அந்த பிக்கில் மினசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. இரண்டு தரப்புக்கும் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த அபூர்வ டிரேடு அது.

கேன்சாஸ் சிட்டியின் லஜேரியஸ் ஸ்னீடை மூன்றாம் சுற்று பிக் கொடுத்து வாங்கி 7.64 கோடி ஒப்பந்தமும் போட்ட டென்னசிக்கு அவர் அந்த ஆண்டு ஆடியது ஐந்தே ஆட்டம். லாஸ் வேகஸ் 11 கோடிக்கு எடுத்த கிறிஸ்டியன் வில்கின்ஸும் ஐந்து ஆட்டத்தில் பாதம் உடைந்து, அடுத்த கோடையில் விடுவிக்கப்பட்டார். இவற்றில் யோசிக்க அதிகம் இல்லை.

வாஷிங்டன் கமாண்டர்ஸை மட்டும் விட மனமில்லை. ஒரு காலத்தில் இந்தச் சந்தையில் அகலக்கால் வைப்பதற்கென்றே பேர்போன அணி. 2009-இல் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதி ஊர் சிரித்தது. 2023-இல் புது உரிமையாளர், 2024-இல் புது மேலாளர், புது பயிற்சியாளர். ஒரு பெரிய தலைகூட வாங்கவில்லை. பாபி வாக்னர், ஸாக் எர்ட்ஸ், ஆஸ்டின் எக்கலர் என்று வயதான, ஆனால் வேலை தெரிந்தவர்களுக்குக் குறுகிய ஒப்பந்தம். ஃபிராங்கி லூவு, டொரன்ஸ் ஆம்ஸ்ட்ராங், டைலர் பியாடஸ் என்று நடுத்தர விலைக்காரர்கள். ட்ராஃப்டில் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ். 4-13 ஆக இருந்த அணி 12-5 ஆகி, சூப்பர் பவுலுக்கு முந்தைய சாம்பியன்ஷிப் ஆட்டம் வரை போனது. புதுக் குவார்ட்டர்பேக் மலிவுச் சம்பளத்தில் இருக்கும் காலத்தில் அவரைச் சுற்றி எப்படி ஆள் சேர்ப்பது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் இது வரவே வராது. ஓர் அணி வாங்கியதைவிட அதிக ஃப்ரீ ஏஜென்ட்களை இழந்தால், அடுத்த ட்ராஃப்டில் மூன்று முதல் ஏழாம் சுற்றுக்குள் ஈட்டுத்தொகையாகக் கூடுதல் பிக் கிடைக்கும், ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு. முன்னணி ஆட்டக்காரரை வெளியே விட்டுவிட்டு மார்ச்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அணியை ரசிகர்கள் திட்டுவார்கள். ரேவன்ஸ் பல ஆண்டாக இந்தத் திட்டை வாங்கிக்கொண்டே பிக்குகளைச் சேர்த்தது. பழைய அணி விடுவித்த ஆட்டக்காரரை எடுத்தால் இந்தக் கணக்கில் சேராது என்பதால், விவரமான மேலாளர்கள் அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துத் தேடுவார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பார்க்லிக்கு 2025 மார்ச்சில் ஈகிள்ஸ் கொடுத்த இரண்டாண்டு நீட்டிப்பு பற்றி என்ன சொல்கிறாய் என்பீர்கள்: 4.12 கோடி, ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல், ரன்னிங் பேக்குகளில் முதல் முறை. நான் கொடுத்திருக்க மாட்டேன். முதல் ஒப்பந்தம் விழுந்த சந்தையில் வாங்கியது. இரண்டாவது, 345 ஓட்டமும் நான்கு பிளே-ஆஃப் ஆட்டங்களும் உடம்பில் ஏறிய பிறகு உச்ச விலையில் எழுதியது. 2025 சீசனில் அவர் 2,000-இன் பக்கமே வரவில்லை, லைனிலும் காயங்கள். கோப்பை வாங்கித் தந்தவருக்குக் காட்டிய நன்றி என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், கேப் கணக்கில் அதற்கென்று தனி வரி எதுவும் கிடையாது.